காற்றாலையைச் சுற்றவிட்ட பவர் சப்ளை

கம்ப்யூட்டருக்குள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டிக்குப் பவர் சப்ளை என்று பெயர். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் எங்கள் ஊரில் ஒருத்தன்தான் என்று கோமதிநாயகம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்த ஒருத்தன் அவனாம். மருந்துக்கடை வாசலில் பத்துப் பேர் நிற்கையில் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி கைக்கு மிக்ஸி, கிரைண்டர் போதும். கம்ப்யூட்டர் பக்கம் வரவேண்டாம்" என்று சொன்னவன் அவன். சொல்லிப் பதினோரு வருஷம் நாலு மாசம் ஆகிறது. அன்றிலிருந்து அவன் கடை இருக்கிற தெருவில் நான் கால் வைத்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக மூன்று தெரு சுற்றிப் போகிறேன். ஒரு தடவை அவன் கடையில் சும்மா கொடுத்த காலண்டரை என் வீட்டுக்காரி சுவரில் மாட்டிவிட்டாள். அந்த வருஷம் முழுக்க நான் தேதி பார்க்கவில்லை.

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலை செய்கிறவன். பெயர் ஆவுடையப்பன். ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். மூன்றாவது வருஷம் வாத்தியாரே, "இனிமேல் நீ உட்கார்ந்தால் பெஞ்சுக்குத்தான் கேடு" என்று அனுப்பிவிட்டார். ஆனால் கருகிப்போன கிணற்று மோட்டாரை என் பட்டறை வாசலில் இறக்கினால், வாசனையை வைத்தே எத்தனை சுற்று போயிருக்கிறது என்று சொல்வேன்.

போன மாசம் ஒரு புதன்கிழமை காலையில் காதில் ஒரு சேதி விழுந்தது. வியாபாரிகள் சங்கத்துக் கம்ப்யூட்டர் போட்ட ஐந்தாவது நிமிஷம் அணைந்து போகிறதாம். பெரிய பவர் சப்ளை மாட்ட வேண்டுமாம். சங்கச் செயலாளர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி, வத்தல் மண்டி வைத்திருக்கிறவர், குட்டியப்பன் சலூனில் சவரம் செய்யப் போயிருக்கிறார், முடித்ததும் கோமதிநாயகத்துக்குப் போன் போடப் போகிறார் என்றார்கள். அந்த வேலை மட்டும் கோமதிநாயகத்துக்குப் போனால், சங்க வாசலில் அவன் பெயர் எழுதின போர்டு ஏறிவிடும். பிறகு அந்தத் தெருவிலும் நான் நடக்க முடியாது. ஏற்கனவே மூன்று தெரு சுற்றுகிறவன், நாலாவது தெருவுக்கு எங்கே போவேன்?

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சலூனுக்குப் போனேன். நல்ல நேரம். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்திருந்தார், முகம் முழுக்க சோப்பு நுரை. வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும். செயலாளர் ஆன நாளிலிருந்து அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெஞ்சில் பால்துரை தினசரி படித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்டைப் பற்றி யார் எது சொன்னாலும், தான் பெற்ற பிள்ளையைப் பற்றிக் குறை சொன்னதுபோல முறைப்பார்.

குட்டியப்பனிடம், பொறுமையாகச் சிரை, அண்ணாச்சி முகம் மென்மையான முகம் என்றேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் பால்துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கோ சொல்வதுபோல, மந்திரமூர்த்தி ஸ்டூடியோவுக்கு நான் பவர் சப்ளை மாட்டின கதையை எடுத்தேன்.

மந்திரமூர்த்தி கல்யாண ஆல்பம் செய்கிறவன். படம் பளிச்சென்று வரவேண்டும் என்று புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டான். அதற்குத் தீனி போடப் பழைய பவர் சப்ளைக்குத் தெம்பில்லை. மாப்பிள்ளை படம் வரைக்கும் தாங்கும், நகையோடு பொண்ணு படம் வந்தால் அணைந்துவிடும். போதாக்குறைக்கு ஆயுத பூஜைக்கு மந்திரமூர்த்தி ஒரு வேலை செய்திருந்தான். பெட்டிக்குப் பின்னால் ஃபேன் காற்று வெளியே வருகிற ஓட்டை இருக்கிறதே, அது வட்டமாக நெற்றி மாதிரி இருக்கிறது என்று ஒரு கிண்ணம் சந்தனத்தை அதிலே அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டான். வருஷா வருஷம் வைத்திருக்கிறான். உள்ளே பவர் சப்ளை மூச்சு விட முடியாமல் கிடந்தது. கோமதிநாயகம் வந்தான், பார்த்தான், நானூற்றைம்பது வாட் ஒன்று வாங்கு என்று சொல்லிவிட்டுப் போனான். சந்தனத்தை அவன் கண் பார்க்கவில்லை. பக்திமான்.

"சந்தனம் வச்சது நிசம்தான்" என்றான் குட்டியப்பன். "என் கத்தி பெட்டிக்கும் அப்படித்தான் வைக்கிறேன். கத்தி ஒண்ணும் அணையலையே."

கடையில் விற்கிற நானூற்றைம்பது வாட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அப்பளக் கட்டு கனம்கூட இல்லை. மேலே ஸ்டிக்கர், உள்ளே காற்று. பவர் என்றால் கனம் வேண்டும். ஏழரை எச்.பி. கிணற்று மோட்டார் ஒன்று பட்டறையில் கிடந்தது. அதன் இரும்பை எடுத்து, பதினாலு கேஜ் செம்புக் கம்பியில் ஒன்பது கிலோ சுற்றினேன். சுற்றி முடித்தபோது என் கட்டை விரல் ரேகை அழிந்துபோனது. அதனால்தான் இன்றைக்கும் ரேஷன் கடை மெஷின் என்னை யார் என்று கேட்கிறது.

அதை எப்படி வே அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளே திணித்தீர் என்று பால்துரை தினசரியை மடிக்காமலே கேட்டார். கம்ப்யூட்டருக்குள் பவர் சப்ளையை மாட்டுவது கோமதிநாயகம் செய்கிற வேலை. நான் பவர் சப்ளைக்குள் கம்ப்யூட்டரை மாட்டினேன். ஒரு ஓரமாக, திருகாணி போடாமல், மோட்டாருக்குள் எலி புகுந்து படுத்திருப்பது போல அது வசதியாக உட்கார்ந்துகொண்டது. தட்டு வண்டியில் ஏற்றி ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனோம். வழியில் வண்டி அச்சு இரண்டு தடவை முறிந்தது.

நுரைக்குள்ளிருந்து அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கேட்கிறார் என்று தெரிந்துகொண்டேன். அந்தத் தைரியத்தில் சுவிட்சைப் போட்டேன். கதையில்தான்.

போட்டதும் ஸ்டூடியோ டியூப்லைட் மங்கியது. பிறகு தெரு மங்கியது. பிறகு பஸ் ஸ்டாண்டு, அதன் பிறகு ரயில்வே கேட்டு. பவர் சப்ளை மூச்சை உள்ளே இழுக்க இழுக்க, ஊரில் உள்ள கரண்டெல்லாம் கம்பியில் ஓடி வந்த சத்தம் காதில் கேட்டது, ஓட்டு வீட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி. ஸ்டூடியோவுக்கு எதிரே நின்ற மின்கம்பம் இந்தப் பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தது.

இந்த இடத்தில் பால்துரை தினசரியை மடித்தார். எந்த வருஷம், எந்த மாசம் என்று கேட்டார். அந்த வார்டு அவர் பார்த்த வார்டு, கம்பம் எதுவும் சாயவில்லை என்றார். சாய்ந்தது, அப்போது அந்தக் கம்பத்தின் உச்சியில் நீர்தான் இருந்தீர், உமக்கு எப்படித் தெரியும் என்றேன். கம்பத்தோடு சேர்ந்து ஆளும் சாய்ந்தால் ஊர்தான் சாய்ந்த மாதிரி இருக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போய், சுவரெல்லாம் கோணலாக இருக்கிறது என்று நீர் சண்டை போடவில்லையா என்று கேட்டேன். அவர் யோசித்தார். ஓய்வு பெற்ற ஆளுக்கு எந்தச் சண்டை எதற்காக என்று ஞாபகம் இருக்குமா? தினசரியை மறுபடி பிரித்துக்கொண்டார்.

குட்டியப்பன் ஒரு கன்னத்தை முடித்து மறு கன்னத்துக்கு வந்தான். நேரம் குறைந்துகொண்டே வந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன்.

கம்ப்யூட்டர் வேகம் எப்படி என்கிறீர்கள். அறுநூறு கல்யாணப் படம் இருந்தது. மந்திரமூர்த்திக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மி முடித்துக் கண் திறந்தால் ஆல்பம் முடிந்து அட்டை போட்டு நிற்கிறது. செய்ய வேலை இல்லாமல் கம்ப்யூட்டர் துறுதுறுவென்று இருந்தது. தாலி கட்டும்போது கண்ணை மூடியிருந்த மாப்பிள்ளை, படத்தில் கண்ணைத் திறந்தான். சாப்பாட்டில் அப்பளம் வைக்கவில்லை என்று எல்லாப் படத்திலும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த சம்பந்தி, சிரித்தார். பந்தியில் கோபித்துக்கொண்டு குரூப் போட்டோவுக்கு நிற்காமலே பஸ் ஏறிப்போன ஒரு சித்தி, மூன்றாவது வரிசையில் வந்து நின்றாள். கையில் தாம்பூலப் பை வேறு. அந்தப் படத்தைக் கண்டதும், நான்தான் நின்றிருக்கிறேனே, பிறகு எதற்குக் கோபம் என்று அவளே சமாதானம் ஆகிவிட்டாள்.

குட்டியப்பன் கத்தியை எடுத்துவிட்டான். அண்ணாச்சியின் வயிறு துணிக்குள்ளே குலுங்கிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, சிரிக்காதிய. காது போயிரும்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. சிரிக்கிற சங்கதியா இது? அதோடு முடியவில்லை. கம்ப்யூட்டர் அடுத்த ஆல்பத்துக்குப் போனது. அதே குடும்பம், மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை, தாய்மாமன் மடியில் காதுகுத்து. கல்யாணம் நடந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. படத்தைப் பார்த்த தாய்மாமன், தான் போடப்போகிற கம்மல் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று அப்போதே வெட்கப்பட்டுப் பெரிதாகச் செய்யச் சொல்லி ஆசாரி வீட்டுக்கு ஓடினார்.

பிள்ளை ஆணா பெண்ணா என்று பால்துரை கேட்டார். பெண். இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறது. சந்தேகம் இருந்தால் பள்ளிக்கூடத்தில் போய்க் காதைப் பார்த்துவிட்டு வாரும் என்றேன்.

ஆனால் பவர் சப்ளை என்றால் சூடு இருக்கும். சூட்டுக்கு ஃபேன் வேண்டும். கோமதிநாயகம் மாட்டுகிற ஃபேன் ஒரு கொசுவைக்கூட எழுப்பிவிடாது. நான் அரிசி ஆலையில் உமி தள்ளுகிற ஃபேனை வாங்கி மாட்டியிருந்தேன். ஒன்பது கிலோ செம்பு கொடுத்த தெம்பில் அது சுற்ற ஆரம்பித்தது. ஸ்டூடியோவில் பின்னால் தொங்கவிடுகிற ஊட்டிப் படுதா இருக்கிறதே, அது ஆணியோடு பிய்த்துக்கொண்டு பறந்தது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஸ்டூடியோ கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள், கோட்டு மட்டும் நாற்காலியில் இருக்க, தான் மட்டும் வாசல் வழியாகப் போய்விட்டார். எதிரே ஜவுளிக்கடையில் மடித்து அடுக்கியிருந்த சேலை நானூறும் தானாகப் பிரிந்தது. பொம்பளைகள், இதுவரைக்கும் இந்தக் கடையில் இத்தனை சேலையை எடுத்துப் போட்டதே இல்லையே என்று கும்பலாக உள்ளே போனார்கள். அன்றைக்கு விற்ற மாதிரி அந்தக் கடையில் தீபாவளிக்கும் விற்றதில்லை.

காற்று அங்கேயும் நிற்கவில்லை. தெற்கே திரும்பி, நாலுவழிச் சாலையைப் பிடித்து, லாரிகளை முந்திக்கொண்டு கயத்தாற்றுக்குப் போனது. அது பங்குனி மாசம். காற்றாலைகள் எல்லாம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற நேரம். என் பவர் சப்ளை காற்று போய் மோதியதும் நூற்றைம்பது காற்றாலையும் சடசடவென்று சுற்ற ஆரம்பித்தது.

"பங்குனியில காத்தாடி சுத்தாது வே" என்றார் பால்துரை. "நான் அந்த லைன்லயும் ரெண்டு வருசம் வேலை பார்த்திருக்கேன். சித்திரை முடியட்டும், வைகாசியில ஒண்ணு ரெண்டு அசையும்."

அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். சுற்றாத மாசத்தில் சுற்றியது. சுற்றினால் கரண்டு வரும். வந்த கரண்டு கம்பியில் ஏறி எங்கள் ஊர் சப்-ஸ்டேஷனுக்கு வந்தது, அங்கிருந்து ஸ்டூடியோ பிளக்குக்கு வந்தது, பிளக்கிலிருந்து என் பவர் சப்ளைக்குள் வந்து, ஃபேனைச் சுற்றி, காற்றாகக் கயத்தாற்றுக்கே திரும்பிப் போனது. வாரியத்துக்கு வேலையே இல்லை. ஊரில் எல்லா மீட்டரும் பின்னால் ஓடின. மந்திரமூர்த்தி வீட்டு மீட்டர் ஓடின ஓட்டத்தில், அவன் அந்த வீட்டுக்குக் குடிவராத காலத்துக்குப் போய் நின்றது. பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்கவில்லை. பழகிப்போன பாதையில் கரண்டு தானாக வந்து போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மந்திரமூர்த்தியின் பொண்டாட்டி வந்து, மாவாட்ட வேண்டும், இதை எப்போது நிறுத்துவீர்கள் என்று ஒரு சத்தம் போட்டாள். அதற்குத்தான் நின்றது.

குட்டியப்பன் கடைசி நுரையை வழித்துவிட்டு, படிகாரத்தைத் தேய்த்து, ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தான். அண்ணாச்சி எழுந்து கண்ணாடியில் தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நீர் பெரிய வேலைக்காரர், எல்லாம் நம்புகிறேன், அதனால்தான் உமக்குக் கொடுக்க முடியாது என்றார். சங்க அறை பத்துக்குப் பத்து. அங்கே உமி தள்ளுகிற காற்று அடித்தால் அடுத்த கூட்டத்தைத் தெருவில்தான் நடத்த வேண்டும். நாளைக்கு நடக்கப்போவதெல்லாம் இன்றைக்கே படமாக வந்தால், அடுத்த தேர்தலில் செயலாளர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் வரும், அது தன் உடம்புக்கு ஆகாது என்றார். எங்களுக்கு வேண்டியது சுற்றறிக்கை அடிக்கிற அளவுக்கு ஒரு பவர் சப்ளை. கோமதிநாயகத்துக்கு இவ்வளவு திறமை கிடையாது, அவன்தான் எங்களுக்குச் சரி என்று முடித்தார்.

சின்னதாகவும் செய்வேன் அண்ணாச்சி என்றேன்.

"அப்படின்னா குறைச்சுச் சொல்லும்" என்றார். முப்பது வருஷம் வத்தல் மூட்டைக்கு விலை பேசினவர். திரும்ப நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். "எத்தனை காத்தாடி சுத்திச்சு?"

நூறு என்றேன். ஈரவத்தலைக் கையில் வாங்கினவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். எண்பது என்றேன். போனைப் பார்த்தார். ஐம்பது. சுவரில் ஓடின பல்லியைப் பார்த்தார். காதுகுத்துப் பிள்ளையை விட்டுக்கொடுத்தேன். நாலாம் வகுப்பு வரை வளர்த்த பிள்ளை. சித்தியை மூன்றாவது வரிசையிலிருந்து திரும்பப் பஸ்ஸில் ஏற்றினேன். சம்பந்தி மறுபடி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார். மாப்பிள்ளை கண்ணை மூடினான். அந்த ஒரு கண்ணாவது இருக்கட்டும் அண்ணாச்சி என்றேன், ஆகாது என்றார். நானூறு சேலையையும் ஒவ்வொன்றாக மடித்துக் கடையில் வைத்தேன். காற்றாலை பத்துக்கு வந்தது. ஐந்துக்கு வந்தது. கோமதிநாயகத்தின் போர்டை நினைத்துக்கொண்டு மூன்று என்றேன். அந்த இரண்டும் நான் நிறுத்தும்போது ஊளையிட்டது எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது.

"அதையும் விட்டிரும். வேலை உமக்கு" என்றார் அண்ணாச்சி. "இன்னைக்கே வந்து கழட்டும். போர்டும் உம்ம பேர்லயே வைக்கச் சொல்லுதேன்."

குட்டியப்பன் கத்தியைக் கழுவுவதை நிறுத்திவிட்டான். அத்தனை நேரம் என்னை மறித்துக்கொண்டிருந்த பால்துரை எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "விட்டுக்கொடும் வே. ஒரு காத்தாடிதான."

எனக்கும் ஆசைதான். பதினோரு வருஷம் நாலு மாசம். கண்ணை மூடினேன். கயத்தாற்றுக்குக் கிழக்கே, கருவேலங்காட்டுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிற ஒன்று. வெள்ளைப் பெயிண்டு உரிந்து, இறக்கையில் துரு. மற்ற நூற்று நாற்பத்தொன்பதும் நின்ற பிறகும் அது மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு ஆடு நிழலுக்குப் படுத்திருந்தது. இறக்கை நிழல் அதன் மேல் போய்ப் போய் வந்தது. நான் எப்படி நிறுத்துவேன்?

"இல்ல அண்ணாச்சி. அது சுத்திச்சு" என்றேன்.

அவர் கோமதிநாயகத்துக்குப் போனைப் போட்டார்.

அன்றைக்கு மதியமே அவன் வந்து அப்பளக் கட்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். போர்டும் ஏறிவிட்டது. போன வாரம் வேறு வழி இல்லாமல் அந்தத் தெரு வழியாகப் போனேன். போர்டைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துதான் போனேன், ஜன்னல் வழியாக அறைக்குள்ளே கண் போய்விட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால், ஃபேன் காற்று வருகிற ஓட்டைக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், வெறும் சுற்றறிக்கைத் தாள் ஒன்று கிடந்தது. மேலே ஒரு பேனாவைக்கூட வைக்கவில்லை. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். அசையவில்லை.